அப்பாஸ் பிடிக்காமல் விட்ட கேட்ச்

வெள்ளிக்கிழமை, காலை 5.30. கோவை சிங்காநல்லூரில் மதுரை பஸ் ஏறினேன். டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். மடியில் ஒரு பை. பைக்குள், ஐம்பத்து நான்காவது பிறந்தநாளுக்கு என் மகள் வாங்கித் தந்த ட்ரோன். எடை இருநூற்று நாற்பத்தொன்பது கிராம். நடத்துநர் பையை மேலே வைக்கச் சொன்னார். உடைந்துவிடும் என்றேன். "முட்டைங்களா சார்?" என்று கேட்டார். பறக்கிற சாமான் என்று சொன்னால் தாராபுரம் வரைக்கும் விளக்க வேண்டியிருக்கும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நான் மதுரைக்குப் போவது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல, ஒரு மைதானத்தைப் படம் பிடிக்க. பள்ளிக்கூட நாட்களில், செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் நாங்கள் நாலு கோடை விடுமுறை கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். பழங்காநத்தத்திலிருந்து சைக்கிளில் போவோம். இருபது கிலோமீட்டர். பந்து வீசுகிறவன் ஒச்சு, அந்த ஊர்க்காரன். விக்கெட்டுக்குப் பின்னால் அப்பாஸ். அவன் கைக்குள் போன பந்து கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. நான் பன்னிரண்டாவது ஆள். எல்லோருடைய சட்டையையும் கைக்கடிகாரத்தையும் காவல் காத்தேன். என் கிரிக்கெட் வாழ்க்கை அவ்வளவுதான். ஆனாலும் அந்த இடத்தை மேலேயிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

காலை 11.10. ஆரப்பாளையம். கோரிப்பாளையத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"ஊர்க்காரன்யா, பழங்காநத்தம்" என்றேன்.

"அப்ப நூத்தி இருபது குடுங்க. ஊர்க்காரகளே இப்பிடிப் பேசுனா நாங்க யாருகிட்டண்ணே கேக்குறது?"

ஆற்றைத் தாண்டி, கோரிப்பாளையம் சிக்னலில் ஆறு நிமிடம் நின்று, தர்காவுக்கு முந்தைய சந்தில் இறங்கினேன். அப்பாஸ் அங்கே தையல் கடை வைத்திருக்கிறான். கல்யாண ஷெர்வானிகளுக்குப் பேர் போன கட்டிங் மாஸ்டர். கழுத்தில் டேப்போடு ஓடி வந்து கட்டிக்கொண்டான். "ஏன் மாப்ள இம்புட்டு எளைச்சுட்ட? கோயமுத்தூர்ல சோறு கெடைக்காதா?"

மேசை மேல் கறுப்புத் துணி விரித்திருந்தது. பேசிக்கொண்டே சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டான். கோடு நேராகப் போகவில்லை. முதலில் துணிதான் நகர்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதை அவனும் பார்த்திருக்க வேண்டும். சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கண்ணு சரியில்ல மாப்ள. புதுக் கண்ணாடி போடணும்" என்றான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து வந்தவன், வந்த பத்தாவது நிமிடத்தில் அதைக் கேட்க முடியுமா? கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜும்மா தொழுகை முடிந்து அவன் வீட்டில் சாப்பாடு. பருப்பும் கறியும் சேர்த்த தால்சா, கத்தரிக்காய்ப் பச்சடி. அவன் மனைவி மெஹர் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "இருட்டுறதுக்குள்ள வந்துருங்கண்ணே. இவுகளைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் 2.45. பெரியார் நிலையத்தில் செக்கானூரணி பஸ். ஆளுக்கு இருபது ரூபாய். காளவாசல் தாண்டி, நாகமலையை வலது பக்கம் பார்த்தபடி போகிற அதே சாலை. முன்பு சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கிய புளியமரங்களைத் தேடினேன். சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன. இறங்கும் இடத்தில் ஒச்சு தன் 'குட்டியானை'யோடு நின்றான். குட்டியானை என்றால் நாலு சக்கரச் சின்னச் சரக்கு வண்டி. தக்காளியும் பூவும் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறான். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். மூன்று கிலோமீட்டரும் சிரிப்புதான்.

"மாப்ள, ஒரு சேதி சொல்லணும். கோவிச்சுக்கிறாத" என்றான் ஒச்சு. "கண்மாய் நெறஞ்சு கெடக்கு. நம்ம பிட்ச் மேல ஆறடித் தண்ணி."

படம் பிடிக்க இத்தனை தூரம் வந்த மைதானம் தண்ணீருக்குள். எங்கள் ஆட்டத்துக்காக அது வறண்டே கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இருந்தாலும் மனசுக்குள் சுருக்கென்றது.

மாலை 4.20. மதுரை நகருக்குள் ட்ரோன் விட முடியாது. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் விமான நிலையம். அரசாங்க வரைபடத்தில் பச்சையாகக் காட்டுகிற இடத்தில்தான் விடலாம். ஒச்சுவின் வீடு பச்சைக்குள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நெல் காயப் போடுகிற சிமெண்டுக் களம். அதன் நடுவில் வைத்துக் கிளப்பினேன். ஐம்பது அடிக்கு மேல் ஏற்றவில்லை. கரைக்கு அப்பால் கண்மாய் முழுவதும் செல்போன் திரையில் விரிந்தது. மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரை மேல் கவிழ்ந்தன.

"அந்தா தெரியுது பாரு மடை. அதுக்கு நேரே அங்கிட்டு நாப்பது அடி. அங்கதான் நான் ஓட ஆரம்பிப்பேன்" என்றான் ஒச்சு.

"நான் இங்க" என்று அப்பாஸ் திரையில் தண்ணீரைத் தொட்டுக் காட்டினான். விரல் நடுங்கியது. ஒச்சு கவனிக்கவில்லை.

நாங்கள் இப்படித் தண்ணீருக்குள் ஆட்டக்காரர்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒச்சுவின் மனைவி செல்வி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். களத்தை மோட்டார் தண்ணீரில் கழுவி விட்டிருந்தார். "சாமான் எறங்குற எடம் தூசியாக் கெடந்துச்சுண்ணே. வெலை கூடுன பொருளு, அப்பிடியே விடலாமா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். வந்திருக்கிற விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் தருவதில்லையா, அதுபோலத்தான் செய்திருக்கிறார்.

ட்ரோனின் வயிற்றுக்கடியில் தரையைப் பார்க்கிற கண்கள் உண்டு. அவற்றுக்குத் தரை தரையாகத் தெரிய வேண்டும். மேற்கே சாய்ந்த வெயிலில் ஈரக் களம் முழுவதும் தகதகவென்று மின்னியது. ட்ரோன் இடுப்பளவு உயரம் வரை வந்தது. நின்றது. இடமும் வலமும் அலைந்தது. மறுபடி மேலே ஏறிக்கொண்டது. இறங்குமிடம் சரியில்லை என்று திரையில் எழுத்து வந்தது. மூன்று முறை இறக்கிப் பார்த்தேன், மூன்று முறையும் இதே கதை. பேட்டரி முப்பத்தொரு சதவீதம். களத்தின் ஓரத்தில் மின்கம்பி.

"துண்டைப் போட்டு அமுக்கிருவமா?" என்று ஒச்சு தோளிலிருந்து துண்டை உருவினான்.

"வேணாம்ப்பா. துண்டு றெக்கையில சுத்திக்கிட்டா எங்க போய் விழும்னு சொல்ல முடியாது."

அப்போது அப்பாஸ் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். என் இரண்டு கையும் ரிமோட்டில் இருந்ததால், அதை என் சட்டைப் பையில் போட்டான். அந்தக் காலத்தில் போட்ட மாதிரியே, என்னைக் கேட்காமல். போய் ட்ரோனுக்குக் கீழே முழங்காலை மடக்கி நின்று, இரண்டு கையையும் விரித்தான்.

"எறக்கு மாப்ள. நான் புடிச்சுக்கிறேன்."

"அட, அவன் புடிச்சா புடிச்சதுதான்" என்றான் ஒச்சு, உற்சாகமாக.

அந்த இறக்கைகள் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. விரலில் பட்டால் பிளேடுதான். இன்னொன்று, பிடித்தால் அது அடங்காது. காற்று தன்னைத் தள்ளுகிறது என்று எண்ணி இன்னும் வேகமாகச் சுற்றித் திமிறும். நல்ல கைக்கே ஆகாத வேலை. அவனுடைய வலது கை இலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கை இன்னும் பழைய கைதான் என்று எங்கள் இருவர் முன்னாலும் காட்டிவிட வேண்டும் என்பதற்காகவே நிற்கிறான் என்று புரிந்தது. ட்ரோன் போனால் போகட்டும். அந்த விரல்கள் போனால் அவன் ஷெர்வானி வெட்டுவது எப்படி?

"வேணாம் மாப்ள, தள்ளி வா" என்றேன்.

"ஏன்? என் கை மேல நம்பிக்கை இல்லையா?"

ஒச்சு என் முகத்தைப் பார்த்தான். செல்வியும் பார்த்தார். உண்மையை அந்த இடத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"அதுக்கில்ல. சுத்தும்போது கையில புடிச்சா உள்ள இருக்குற படம் பூராவும் அழிஞ்சுரும். கண்மாய் போயிரும் மாப்ள."

அப்பாஸ் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு கைகளை மடக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அந்தப் பத்தடியை அவன் நடந்து வந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இந்தச் சாமான் வைத்திருக்கிறவர்கள் யாராவது படித்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன். ட்ரோனை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றி, கம்பியை விட்டு விலக்கி, அறுவடை முடிந்த வயலுக்கு மேலே நிறுத்தினேன். அங்கே ஆளும் இல்லை, ஆடும் இல்லை. எல்லோரையும் எனக்குப் பின்னால் பதினைந்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். களத்துக்கு அப்பால் வண்டிப்பாதை காய்ந்து சமமாகக் கிடந்தது. செல்வி ஜமுக்காளம் ஒன்றை எடுத்து வந்து அங்கே விரித்தார். சிவப்பும் நீலமுமாகப் பட்டைக் கோடுகள் போட்டது. அந்தக் கண்களுக்கு அப்படிக் கோடும் நிறமும் இருந்தால் நல்லது. காற்றில் தூக்காமல் இருக்க நாலு மூலையிலும் ஒச்சு கல் வைத்துவிட்டு விலகினான். பிறகுதான் ட்ரோனை அதற்கு மேலே கொண்டுவந்தேன்.

பேட்டரி பதினாலு. முழங்கால் உயரத்தில் மறுபடியும் நின்றது. நான் ரிமோட்டுக் குச்சியைக் கீழ்நோக்கி இழுத்தது இழுத்தபடியே பிடித்திருந்தேன். விடவில்லை. ட்ரோன் யோசித்து, லேசாக ஆடி, மெதுவாக இறங்கியது. ஒருமுறை துள்ளி உட்கார்ந்தது. நாலு இறக்கையும் முழுக்க நின்ற பிறகுதான் பக்கத்தில் போய் சுவிட்சை அணைத்தேன். அணைக்கும்போது என் கையும்தான் நடுங்கியது. ஆனால் செல்வி கொடுத்த காப்பியைக் குடித்ததும் எனக்கு நின்றுவிட்டது.

மாலை 6.10. திரும்புகிற பஸ்ஸில் கூட்டமில்லை. நாகமலை புதுக்கோட்டை தாண்டியது. அப்பாஸ் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"படம் அழிஞ்சுரும்னு சொன்னது பொய்தான மாப்ள?"

"ஆமா."

"எனக்கு அப்பவே தெரியும்." வலது கையை எடுத்து முன்சீட்டுக் கம்பியில் வைத்தான். அது ஆடுவதை இருவரும் பார்த்தோம். "எட்டு மாசமாச்சு. யாருக்கும் தெரியாது. வீட்ல சொல்லல. சொன்னா அவ ஒடைஞ்சு போயிருவா. டாக்டர்கிட்டயும் போகல. போனா என்னமோ பேரு சொல்லுவாய்ங்க, அதைக் கேக்க பயமா இருக்கு."

நான் அந்தக் கை மேல் என் கையை வைத்தேன். பெரியார் நிலையம் வரும்வரை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கோவைக்குக் கிளம்ப வேண்டியவன், மதியம் போனால் போதும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை, காலை 10.30. கே.கே. நகரில் நரம்பு மருத்துவர் ஒருவரின் கிளினிக். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். டாக்டர் அப்பாஸை இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். எல்லா நடுக்கமும் பெரிய வியாதி இல்லை, இன்னும் சில பரிசோதனை செய்ய வேண்டும், இப்போதைக்கு மாத்திரை எழுதுகிறேன் என்றார். அடுத்த முறை வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அப்பாஸ், "இதுக்கா எட்டு மாசம் பயந்தேன்?" என்றான். பயம் முழுக்கப் போய்விட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று கையைப் பைக்குள் விட்டுக்கொள்ளவில்லை.

பகல் 1.15. ஆரப்பாளையத்தில் கோவை பஸ். கோவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல தண்ணீர், நல்ல அக்கம்பக்கம். ஆனால் கேட்காமல் தன் கைக்கடிகாரத்தை என் சட்டைப் பையில் போடுகிற மனிதர் ஒருவரும் அங்கே இல்லை. ஒட்டன்சத்திரம் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாஸ் போன் செய்தான்.

"வீட்ல சொல்லிட்டேன் மாப்ள."

"மெஹர் என்ன சொன்னாங்க? ரொம்ப அழுதாங்களா?"

"அவளுக்குத் தெரியுமாம்டா. ஆறு மாசமா எனக்கு டம்ளர்ல பாதிதான் டீ ஊத்தியிருக்கா. நான்தான் பாக்கல."