கணையமும் கேன்டீன் சாம்பாரும்

கேன்டீன் தொழிலில் பாராட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. திட்டு கொஞ்சம் குறைந்தால் அதைத்தான் நாங்கள் பாராட்டு என்று எடுத்துக்கொள்வோம். சமைத்துப் போட்டுவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி ஓரமாக நின்று, சாப்பிடுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். கூடவே, பெரிய ஆஸ்பத்திரி பெஞ்சில் எப்போது பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த அனுபவமும் இருந்தால் நீங்கள் நம்ம ஆள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

முதல் ஆள்

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கேன்டீன் மாஸ்டர். ஏழுமலை என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான், மற்றபடி மாஸ்டர். எனக்குச் சொந்த ஊர் பென்னலூர் என்பதால் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துவிடுவேன். வேலை செய்கிற பையன்கள் பாதிப்பேர் தெற்கேயிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள். அம்மா கைச் சோற்றை விட்டுவிட்டு வந்த கோபத்தையெல்லாம் என் சாம்பாரிடம்தான் காட்டுவார்கள்.

அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைமுத்து, வெல்டிங் பிரிவு. மதியச் சாப்பாட்டு வரிசையில் அவன்தான் எப்போதும் முதல் ஆள். தட்டில் ஊற்றியதை விரலால் தொட்டு நாக்கில் வைப்பான். பின்னால் நிற்கும் அத்தனை பேரும் அவன் வாயையே பார்ப்பார்கள், தீர்ப்பு வரும் வரைக்கும் வரிசை நகராது. பருப்பு விலை ஏறிய ஒரு நாள், கான்ட்ராக்டர் சொன்னபடி பருப்பில் கொஞ்சம் கையைப் பிடித்திருந்தேன். தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பருப்புக்கு லீவா?"

மஞ்சள் கண்

என் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தவனும் அவன்தான். சாம்பாரில் போடாத மஞ்சள் எல்லாம் அண்ணாச்சி கண்ணில் இருக்கிறது என்று வரிசையே கேட்கும்படி சொன்னான். அதற்கு முன்பே உடம்பெல்லாம் அரித்துக்கொண்டிருந்தது, பசி போய்விட்டிருந்தது. அடுப்புச் சூடு என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் டாக்டருக்கு வேலையே இல்லை. மறுநாள் காலையிலேயே ஸ்டோர்ஸிலிருந்து ஒரு கட்டு கீழாநெல்லி வந்தது. பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒரு கட்டு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி கம்பெனி புல்வெளியிலேயே பிடுங்கி மோரில் அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும் என்று எல்லாவற்றையும் குடித்தேன். கண் மஞ்சள் போகவில்லை, கம்பெனி புல்வெளிதான் சுத்தமானது. கடைசியில் சென்னையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி, புற்றுநோய், பித்தம் இறங்கும் குழாயை அது அடைத்துக்கொண்டதால்தான் இந்த மஞ்சள் என்றார் டாக்டர். சீக்கிரம் வந்தது நல்லது, அறுத்து எடுக்கலாம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். லீவு சொல்லக் கம்பெனிக்குப் போனபோது கேட்டில் செக்யூரிட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனே மாஸ்டர், வெறும் வயித்துல குடிச்சிருக்கணும்."

பெயர் தெரியாத உறுப்பு

நோய் வந்தாலும் நாலு பேருக்குத் தெரிந்த உறுப்பில் வர வேண்டும். ஹார்ட் என்றால் சொன்னவுடன் எதிராளி நெஞ்சில் கை வைப்பார். கிட்னி என்றால் இடுப்பில் கை வைப்பார். கணையம் என்றால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்கள். என் வீட்டுக்காரி மரகதம், கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு சாமான் இருப்பதாக நான் சொல்லவே இல்லை என்று அழுகைக்கு நடுவே சண்டைக்கு வந்தாள்.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், நோட்டீஸ் போர்டில் போடுங்கள் என்று எச்.ஆர். அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனுஷன், உடனே பேனாவை எடுத்தார். எழுதும்போது கணையத்துக்கு எந்த 'ண' என்று கேட்டார், சொன்னேன். எழுதியதைத் தள்ளி வைத்துப் பார்த்தார், திருப்தி வரவில்லை. இதைப் படித்தால் தொழிலாளர்களுக்கு ஒரு வேகம் வராது என்றார். பிறகு என் தோளில் கை வைத்துக் கேட்டார்: "கிட்னின்னு போட்டுடலாமா மாஸ்டர்? சட்டுனு புரியும்."

ரத்தம் கொடுக்க வந்த பஸ்

கிட்னி என்று போட்டாரோ கணையம் என்று போட்டாரோ, ஆள் வந்தது. நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் ரூமுக்குப் போகாமல், டிரைவரைச் சரிக்கட்டி, கம்பெனி பஸ்ஸோடு சென்னை ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார்கள். யூனிபார்மில் இத்தனை பேரைப் பார்த்ததும் ஏதோ ஸ்டிரைக் என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டார். விஷயம் தெரிந்து உள்ளே விட்டால், ரத்த வங்கி நர்ஸ் தூங்காமல் வந்தவர்களிடம் எடுக்க முடியாது என்று திட்டினார். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, பகல் ஷிப்ட் ஆட்களை மறுநாள் அனுப்பச் சொல்லி, வந்தவர்களை முதலில் போய்ச் சாப்பிடுங்கள் என்று விரட்டினார்.

கொடுக்க வந்த ரத்தத்தைக் கொடுக்காமலே ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்க்க மேலே வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இவர்களுக்கா பருப்பில் கையைப் பிடித்தேன் என்று இருந்தது. சுடலைமுத்துதான் பேசினான், அதுவும் பெரிய மனசு பண்ணி: "இந்த ஆஸ்பத்திரிச் சாம்பாருக்கு உங்க சாம்பார் எவ்வளவோ தேவல, அண்ணாச்சி."

பார்க்க வந்தவர்கள்

கணையத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அது செய்துகொண்டிருந்த வேலையைச் சாப்பாட்டோடு போடுகிற மாத்திரையும் ஊசியும் செய்கின்றன. பெர்மனென்ட் தொழிலாளியை அனுப்பிவிட்டு கான்ட்ராக்ட் ஆள் போடுவது கம்பெனியில் மட்டும் நடக்கும் என்று நினைத்திருந்தேன், என் வயிற்றிலேயே நடந்துவிட்டது.

சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் பாட்டில் சத்துமாவுமாக வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மறக்காமல் ஒரு கதை கொண்டுவந்தார்கள். கதையில் யாராவது ஒருவருக்கு என் நோய் மாதிரியே வந்திருக்கும், முடிவைச் சொல்லும்போது மட்டும் மரகதத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். மரகதத்தின் அண்ணன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. என்னைத்தான் நேராகப் பார்த்தார், காபியை முழுசாகக் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த கேன்டீன் வேலைய வாரிசுக்குக் குடுப்பாங்களா மாப்ள? ஒரு வார்த்த கேட்டு வெச்சிக்கினியா?"

பக்கத்து நாற்காலி

பிறகு கீமோ. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, பாட்டில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பக்கத்து நாற்காலியில் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர், அவருக்கும் கணையம். அந்த உறுப்பின் பெயரைச் சொன்னதும் விளக்கம் கேட்காமல் தலையாட்டிய முதல் ஆள் அவர்தான் என்பதால் உடனே ஒட்டிக்கொண்டோம். மருந்து ஏற ஏற எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் அப்படித்தான், ஆனால் ஆயுசு பூரா விசிலைக் கடித்த வாய் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார். நான் பயந்தது அப்படிச் சிரித்துத் தள்ளுகிற விஷயத்துக்கு இல்லை. நாக்கு போன சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலைக்குத் திரும்பவில்லை என்றால் நான் மாஸ்டர் இல்லை, ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நோயாளி.

அவரிடம் மட்டும்தான் இதைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரு குழம்பை எப்படிச் செய்வது என்று என்னைச் சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உப்பு எப்போது போடணும் என்று நடுவில் குறுக்குக் கேள்வி வேறு. ஒரு மாதம் நான் போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். நான் கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று வீட்டில் எப்படி என்று கேட்டிருந்தேன். "எல்லாம் நல்லாதான் பாத்துக்கிறாங்க மாஸ்டர். ஆனா ஒருத்தரும் எங்கிட்ட சண்ட போட மாட்றாங்க, அதான் தாங்கல."

பிரமாதம்

முடி கொஞ்சம் முளைத்ததும் வேலைக்குத் திரும்பினேன். கான்ட்ராக்டர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். எனக்கு ருசி தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கை அளவு பழகிய அளவுதானே என்று தைரியமாக உப்புப் போட்டேன். இரண்டாம் சமையல்காரன் தேவராஜிடம் கரண்டியை நீட்டினால் அவன் வாயில் வைப்பதற்கு முன்பே கரெக்டா கீதுண்ணே என்றான்.

அன்று வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. தட்டை நீட்டினார்கள், வாங்கினார்கள், சிரித்தார்கள். மாஸ்டர் மனசு நோகும்படி யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று எச்.ஆர். அதிகாரி ஷிப்ட் மீட்டிங்கில் பேசியிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். வீட்டில் மரகதமும் சண்டையை நிறுத்திவிட்டிருந்தாள். துண்டைக் கட்டிலில் ஈரமாகப் போட்டாலும் எடுத்து உலர்த்தினாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதெல்லாம் சேர்ந்து எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் சுடலைமுத்து இருக்கிறான், அவன் விட மாட்டான் என்று நம்பினேன். அவன் முதல் ஆளாக வந்தான். விரலால் தொட்டான், நாக்கில் வைத்தான். கண் ஒரு நொடி சுருங்கியது. என் தொளதொள சட்டையை ஒரு தடவை பார்த்தான். "சாம்பார் பிரமாதம், அண்ணாச்சி."

நீல டிரம்

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மிச்சம் மீதியைக் கொட்ட ஒரு நீல டிரம் உண்டு. வல்லம் வடகாலில் பன்றி வளர்க்கும் கோவிந்தன் தினமும் சாயங்காலம் மொபெட்டில் வந்து அதை எடுத்துப் போவார். முன்பெல்லாம் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும், அதற்கு அவர் என்னிடம் குறைபட்டுக்கொள்வார்.

நான் திரும்பி வந்து சில நாள் ஆகியிருக்கும். அன்று கோவிந்தன் என்னைத் தேடிக்கொண்டு சமையல்கட்டுக்குள்ளேயே வந்தார். எங்கள் கம்பெனி எச்.ஆர். மீட்டிங்குக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, அவருடைய பன்றிகளுக்கும் இல்லை. முகமெல்லாம் சந்தோஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வந்ததுலேர்ந்து டிரம்மு ரொம்பி வழியுது மாஸ்டர். பன்னிங்கோ எல்லாம் கொழுகொழுன்னு கீது. நீ நல்லா இருக்கணும்பா."

தீர்ப்பு

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடியும்போது டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சுடலைமுத்து தட்டோடு வந்தான். சோறு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் கொட்டவும் முடியாமல் தின்னவும் முடியாமல் நின்றான். சாப்பிடு, பிரமாதம் என்றாயே என்றேன். ஒரு வாய் எடுத்து வைத்து முழுங்கப் பார்த்தான், முடியவில்லை. உப்பு என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். நீங்கள் வந்ததிலிருந்து என்றான். தினமும் ரூமுக்குப் போய் பிரெட் தின்கிறார்களாம்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். வயிற்றில் தையல் போட்ட இடம் வலிக்கிற அளவுக்குக் கத்தினேன். எனக்கு நாக்கு செத்துப் போச்சுடா என்று கம்பெனியில் அவனிடம்தான் முதலில் சொன்னேன். "உன் நாக்க நம்பித்தான்டா நான் கரண்டியத் தொட்டேன். நீயும் என்ன நோயாளி ஆக்கிட்டேன்னா நான் எங்கடா போவேன்?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டான். ரொம்பத்தான் பேசிவிட்டோமோ என்று எனக்கு அன்று முழுக்கச் சங்கடமாக இருந்தது.

அடுத்த நாள் வரிசை திறந்தது. சுடலைமுத்து முதல் ஆள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். வரிசை நகரவில்லை. தூரத்தில் எச்.ஆர். அதிகாரி தட்டோடு உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "இது சாம்பாரா, தட்டு கழுவுன தண்ணியா அண்ணாச்சி? இதுக்கு நீங்க ஆஸ்பத்திரியிலயே கெடந்திருக்கலாம்லா."

எச்.ஆர். அதிகாரிக்குப் புரை ஏறிவிட்டது. வரிசையில் மொத்தப் பேரும் ஆரம்பித்தார்கள், புளி ஜாஸ்தி, உப்பு ஜாஸ்தி, பொரியல் கரி என்று, எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தார்களோ. நான் கையில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுநாளிலிருந்து வரிசை திறப்பதற்கு முன்னால் சுடலைமுத்து சமையல்கட்டுக்கு வந்து முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தான், நான் அந்தச் சுளிப்பைப் பார்த்து உப்புப் போடக் கற்றுக்கொண்டேன். விஷயம் எப்படியோ பென்னலூருக்கும் போய்விட்டது. மரகதம் எறிந்த ஈரத் துண்டு என் முகத்திலேயே வந்து விழுந்தது.

இப்போதும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையை நான் லேசில் நம்புவதில்லை என்பதால் கேன்டீனுக்கு வந்து மதிய வரிசை வரைக்கும் காத்திருந்து, சுடலைமுத்து திட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்கிறேன்.