மூன்றடித் தொட்டியில் ஓர் ஓடை

எங்கள் ஊர்ப்பக்கம் கல் கிடையாது. தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் களிமண். ஆற்றிலும் அதே கதைதான். அதனால் மீன்தொட்டிக்குக் கூழாங்கல் வாங்க, செடி விற்கும் நர்சரிக்குப் போக வேண்டியிருந்தது. "எத்தனை தொட்டிக்குங்க?" என்று கேட்டார் கடைக்காரர். ஒன்றுக்குத்தான் என்றேன். நான் கட்டச் சொன்ன இரண்டு சாக்குகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஒரு சாக்குக் கல் தொட்டிக்குள் இருக்கும். இன்னொரு சாக்கு மொட்டைமாடியில், வாளித் தண்ணீரில், வெயிலில். பத்து நாளில் கல்லின் மேல் பச்சைப் பாசி படர்ந்துவிடும். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மீன்கள் வழித்துத் தின்று முடித்த கல்லை மாடிக்கு அனுப்ப வேண்டும். ஊரில் எல்லோரும் மாடியில் வடகம் காயப்போட்டால் எங்கள் வீட்டில் இவர் கல்லைக் காயப்போடுகிறார் என்று என் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மீனைக் கடையில் ஹில்ஸ்ட்ரீம் லோச் என்றார்கள். நான் கல்லொட்டி என்று வைத்துக்கொண்டேன். மலை ஓடையில், சீறி வரும் தண்ணீரில், கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கிற ஜாதி. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. திருக்கை மீனைச் சின்னதாக்கிப் புள்ளி குத்திவிட்டாற்போல இருக்கும். அதற்குத் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், ஓயாமல் ஓட வேண்டும், காற்று நிறையக் கலந்திருக்க வேண்டும். கத்திரி வெயில் கொளுத்துகிற தஞ்சாவூரில் புத்தியுள்ள எவனும் இதை வளர்க்க ஆசைப்பட மாட்டான்.

நான் கோபத்தில் ஆசைப்பட்டேன். இருபத்து நான்கு வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் நான். ஊரார் அறைகளையெல்லாம் குளிர வைத்துவிட்டு, நெஞ்சில் ஸ்டென்ட்டோடு திரும்பி வந்தேன். ஏணி ஏறக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் அதை, எதையுமே செய்யக்கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். சென்னையிலிருக்கும் மகன் ஒரு சாய்வு நாற்காலி வாங்கி அனுப்பி, "நீங்க உழைச்சது போதும் அத்தா, நிம்மதியா உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன், பத்து நிமிஷம். எழுந்து வாசல் வரை போனேன். திரும்பி வந்து ஃபிரிட்ஜின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வாசலுக்குப் போனேன்.

பட்டுக்கோட்டையில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மேஜையில் உட்கார்ந்தபடி கம்ப்ரசர் பழுது பார்த்துக் கொடுத்தால் போதும் என்று கூப்பிட்டுப் போன் செய்தார். அப்போது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி எடுத்து, "அவங்களால முடியாதுங்க, இனிமேலாச்சும் ஓய்வா இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஈரத் தலையோடு வந்து கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் முடியாது என்று சொன்ன பிறகு நானே திரும்பக் கூப்பிட ரோஷம் விடவில்லை. அந்த வாரமே தொட்டி வந்துவிட்டது.

ஒரு பழைய வாட்டர் கூலரைப் பிரித்து, தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி ஒன்றை நானே செய்தேன். பம்ப் ஓடினால் தொட்டித் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் போய்க் குளிர்ந்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சீறி வரும். பம்ப் நின்றால் எல்லாம் நின்றுவிடும். கரண்ட் போனால் இருக்கட்டுமென்று இன்வெர்ட்டரிலும் கொடுத்தேன். ஏழு கல்லொட்டி விட்டேன். மனதுக்குள் ஒரு பந்தயமும் கட்டிக்கொண்டேன். இந்தக் கோடையை ஏழும் தாண்டிவிட்டால் நானும் இந்த வீட்டில் இருந்துவிடலாம். இல்லையென்றால், ஸ்டென்ட்டாவது ஒன்றாவது, மறுபடி விசா பார்க்க வேண்டியதுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி நஞ்சைக்காரர் வீட்டுப் பெண். தண்ணீர் வயலில் அசையாமல் நின்றால்தான் அவளுக்கு நிம்மதி. ஓடுகிறது என்றால் எங்கோ வரப்பு உடைந்துவிட்டது, யாராவது மண்வெட்டியோடு ஓடி மடையை அடைக்க வேண்டும். அப்படி வளர்ந்தவள் என் தொட்டியின் முன்னால் வந்து நிற்பாள், முகம் வாடிவிடும். "நாள் முழுக்க இப்புடி அடிச்சா அதுங்க எப்புடிங்க தாங்கும்?" என்பாள். அதுதான் அதற்குச் சுகம் என்று எத்தனை முறை சொன்னாலும், தலையை மட்டும் ஆட்டுவாள்.

கத்திரி முடிய நான்கு நாள் இருக்கும்போது நாகூரில் ஒரு கல்யாணம் வந்தது. என் தங்கை மகளுக்கு. தாய்மாமன் போகாமல் முடியாது. மனைவிக்கு முட்டிவலி, பஸ்ஸில் அவ்வளவு தூரம் ஆகாது. தொட்டியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பினேன்.

திருவாரூர் தாண்டுவதற்குள் ஒரு போன். "ஓடுதா?" "ஓடுதுங்க." நிக்காஹ் முடிந்ததும் இன்னொரு போன். "தண்ணி ஓடுதா?" "ஓடுது, ஓடுது. நீங்க மொதல்ல சாப்புடுங்க." ஒரே தட்டைச் சுற்றி ஐந்து பேராக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "கத்திரியில ஏதுங்க தண்ணி? போர் போட்டிருக்கீங்களா? எத்தனை மா நிலம்?" என்றார். மூன்றடி என்றேன். அவர் கறித்துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

சாப்பாடு இறங்கவில்லை. கை கழுவின ஈரத்தோடு மூன்றாவது முறை கூப்பிட்டேன்.

"இப்பத்தாங்க நிம்மதியா இருக்குதுங்க" என்றாள் மனைவி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கல்லை விட்டுட்டு எல்லாம் மேல வந்து சுத்துதுங்க. ஒரு நாள்கூட இப்புடி வெளயாடிப் பார்த்ததில்ல."

கல்லொட்டி கல்லை விட்டு மேலே வருவது மூச்சுக்குத்தான்.

"பம்ப்பை நிறுத்தினியா?"

"நீங்க ரெண்டாந்தடவ ஓடுதான்னு கேட்டீங்களே, அதுக்குப் பொறவுதான். ஒரு மணி நேரம் இருக்கும்..."

"ஸ்விட்சைப் போடு! போடுன்னா போடு!" என்று நான் கத்தியதில் கல்யாணமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ, தங்கையிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். இடம் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் வரை நின்றே வந்தேன். வழிநெடுக வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் மனைவி. அவள் முன்னால் ஒரு தம்ளரில் மூன்று மீன்கள், வயிறு தெரிய. மீதி நான்கும் கல்லைத் தேடி ஒட்டிக்கொண்டுவிட்டன.

"பாவம்னுதாங்க நிறுத்தினேன்" என்றாள். "எந்நேரமும் கல்லைப் புடிச்சுக்கிட்டுப் போராடுதுங்களே, ஒரு மத்தியானமாவது ஓய்வா இருக்கட்டும்னு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

நான் தேற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. "ஓய்வு, ஓய்வுன்னே கொன்னுடுங்க, எல்லாரும் சேர்ந்து" என்றேன். சொல்லும்போதே நான் மீனைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

மூன்றையும் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்தேன். பந்தயம் தோற்றாயிற்று. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மனைவி இரவுச் சாப்பாட்டுத் தட்டை அதற்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் தேநீரோடு என் போனையும் கொண்டுவந்தாள். பட்டுக்கோட்டை நண்பரின் எண் திரையில் இருந்தது.

"நாந்தான் முடியாதுன்னு சொன்னேன். முடியும்னு நீங்க சொல்லிருங்க" என்றாள். "ஏணில மட்டும் ஏறாதீங்க." பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் பட்டுக்கோட்டை பஸ். முதல் நாள் ஒரு கம்ப்ரசரைப் பிரித்து மேஜைமேல் பரப்பியிருந்தேன், கையெல்லாம் எண்ணெய். போன் அடித்தது. கடைப்பையன் எடுத்து என் காதில் வைத்தான்.

"ஓடுதுங்க" என்றாள் மனைவி. "நாலும் கல்லுலதான் இருக்கு."

உடம்பு எப்படி இருக்கிறது, களைப்பாக இருக்கிறதா என்று எதையும் கேட்காமல் வைத்துவிட்டாள்.