ஆமையின் ஓட்டில் கை வைத்த அங்கிள்

இன்று ஹிக்கடுவையில் படகில் போய், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலாமை பார்க்க இறங்கினோம். தொடவேண்டாம், தள்ளியே நீந்துங்கள் என்று படகோட்டி சிங்களத்தில் சொன்னதை நான்தான் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன்.

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் மேல்வீட்டு அங்கிள் தலையாட்டினார். பிறகு, மூச்செடுக்க மேலே வந்த ஆமையின் ஓட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கெதியா ஒரு படம் எடும்!"

"விடுங்கோ அங்கிள்!" என்று கத்தினேன்.

"அது ஒண்டும் செய்யாது."

ஆமை மூச்செடுக்காமலே உதறிக்கொண்டு கீழே போய்விட்டது.

திரும்பும்போது ஆமி செக்பொயின்ற்றில், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்துவிட்டு எங்களை மட்டும் இறக்கி, உடம்பெல்லாம் தடவிச் சோதித்தார்கள். திரும்ப வான் வண்டியில் ஏறியதும் அங்கிள் கொதித்தார்.

"ஒரு மனுசனைக் கேக்காமல் இப்பிடித் தொடலாமோ?"

"நீங்கள் ஆமையைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

வெள்ளவத்தை வரும்வரை அவர் யன்னல் பக்கமே திரும்பி இருந்தார். நாளைக்கு லிஃப்ட்டில் அவரோடு எப்படிப் போவது, யாராவது சொல்லுங்கள்.