இரண்டாவது ஸ்லாட்

ஜவ்வாது மலையில் நான் நடத்தும் இ-சேவை மையம் ஒரே ஒரு அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை வைக்கிற சின்னக் கருவி, வாசலில் இரண்டு பெஞ்சு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். சாமைக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நடந்து வருகிறவர்களும் உண்டு.

பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்ததால் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அதன் பிறகு நிற்கத் தொடங்கியது. ஒருவருடைய விண்ணப்பத்தில் பெயர், தகப்பன் பெயர், சர்வே எண் எல்லாம் அடித்து, ஆவணங்களை ஏற்றி, கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் திரை முழுக்க நீலமாகிவிடும். மெமரியில் கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். தானாகவே அணைந்து, தானாகவே எழுந்துகொள்ளும். அடித்ததெல்லாம் போயிருக்கும்.

"இன்னாமா, மறுபடியும் பூட்ச்சா?" என்று பெஞ்சில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். திட்ட மாட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கும்.

வாரன்டி இருந்ததால் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எங்கள் ஊரில் போன் பேசுமளவு சிக்னல் கிடைப்பது மையத்துக்கு மேலே, சரிவில் நிற்கும் பலா மரத்தடியில்தான். இணையம் கேபிள் வழியாக அறைக்குள் வருகிறது. போன் சிக்னல் வருவதில்லை. ஆகவே மரத்தடியில் நின்று பேச வேண்டும், கீழே ஓடிவந்து பார்க்க வேண்டும், மறுபடி மேலே ஏற வேண்டும். அதற்குள் லைன் போய்விடும். அடுத்த முறை வேறொருவர் எடுப்பார். "உங்க பிரச்சனை என்னன்னு சொல்லுங்க மேடம்" என்று முதலிலிருந்து தொடங்குவார். நாலு முறை பேசினேன். நாலு பேருமே விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார்கள். இரண்டு தடவை போட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை கெட்டது. நீலத் திரை மட்டும் மாறவில்லை.

ஐந்தாவது முறை எடுத்தது ஒரு பெண். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுக்குள் இருக்கும். நான் எரிச்சலோடு, "விண்டோஸ மட்டும் மறுபடி போடச் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தேன்.

"சொல்ல மாட்டேன் மேடம். ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டிருக்கீங்கன்னு இங்க எழுதியிருக்கு" என்றார். முன்னால் பேசியவர்கள் எழுதி வைத்ததைப் படித்துவிட்டுப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

பிறகு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "அது எப்ப எப்ப நிக்குது? அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சிட்டு இருக்கீங்க?"

"எப்ப வேணா நிக்கிது."

"இருக்கலாம். ஆனா ஒரு மூணு நாள் ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. நேரம், எத்தனை ஜன்னல் திறந்திருந்துச்சு, ஸ்கேனர் ஓடிச்சா, இதெல்லாம். நாலாவது நாள் காலையில பதினோரு மணிக்கு நானே கூப்பிடறேன்."

கூப்பிடுவார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதினேன். எழுதும்போதே ஒன்று கண்ணில் பட்டது. ஒரே ஒரு பக்கம் திறந்து வேலை செய்யும்போது அது நிற்பதில்லை. ஸ்கேன் செய்த பக்கங்கள் நாலைந்தைத் திறந்து வைத்துக்கொண்டு விண்ணப்பத்தையும் நிரப்பும்போதுதான் விழுந்தது. இத்தனை வாரமாக அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிருந்தது.

நாலாவது நாள் பதினோரு மணிக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று போனோடு மரத்தடிக்குப் போய் நின்றேன். போன் அடித்தது.

அன்று பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். நர்சிங் படிப்பில் இடம் கிடைத்து, சாதிச் சான்றிதழுக்காக வந்திருந்த ஒரு பெண்; அவளுடைய அப்பா, புளி உலுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்; உதவித்தொகைக்காக வந்த பெரியவர் ஒருவர். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் முந்தின நாள் இரண்டு முறை பாதியில் போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும். அன்று புதன்.

நான் எழுதி வைத்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இது விண்டோஸ் இல்ல, உள்ள இருக்கிற ரேம்ல ஏதோ இருக்குன்னு நினைக்கிறேன். இப்பவே பாத்துடலாமா? நீங்க சிஸ்டம் கிட்ட இருக்கணும்" என்றார்.

நான் சிக்னல் விஷயத்தைச் சொன்னேன். போன் இங்கே, கம்ப்யூட்டர் அங்கே. என் பின்னாலேயே வந்து நின்ற அந்த அப்பா கையை நீட்டினார்.

"போன என்கிட்ட குடுமா. அவங்க சொல்றத நான் கத்தறேன். நீ போய் உள்ள உக்காரு."

அப்படித்தான் அது தொடங்கியது. மரத்தடியில் ஸ்பீக்கரைப் போட்டபடி அப்பா. பாதிச் சரிவில் பெரியவர். வாசற்படியில் அந்தப் பெண். உள்ளே நான். தொலைபேசியில் அவர் சொல்வது மூன்று வாய் மாறி என்னிடம் வரும். என் பதில் அதே வழியில் திரும்பிப் போகும். கம்ப்யூட்டர் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் பக்கத்தை எப்படித் திறப்பது என்று அவர் சொன்னது, சற்றே உருமாறினாலும், வந்து சேர்ந்தது. திறந்தேன். அங்கே இருக்கும் எண்ணின் கடைசி இரண்டு எழுத்தைக் கேட்டார்.

"ஒன் ஏ" என்றேன்.

"ஒன் ஏ" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணே" என்றார் பெரியவர்.

மேலே அப்பா போனில் சொல்வது கேட்டது: "ஒண்ணே ஒண்ணு தாங்க இருக்குதாம்."

அதற்குப் போனில் இருந்தவர் என்ன சொன்னார் என்று அப்பா பிறகு சொன்னார். சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு, "ஒண்ணா, இல்ல அதுக்குப் பின்னாடி ஆங்கில ஏ எழுத்தும் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்கய்யா, அவசரமே இல்ல" என்றாராம். அவசரமே இல்லை என்று அவர் சொன்னதை அப்பா தனியாக எடுத்துச் சொன்னார். எத்தனை பேர் அவருக்காக வரிசையில் காத்திருந்தார்களோ தெரியாது.

அடுத்து கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைத் திறக்கச் சொன்னார். நான் அதுவரை திறந்ததே இல்லை. பிளக்கைப் பிடுங்கு, இரும்பைத் தொட்டுக்கொள், அப்புறம்தான் உள்ளே கைவை என்று மூன்று குரல்களும் கவனமாக ஒப்பித்தன. உள்ளே இரண்டு ஸ்லாட்டுகள், அதாவது ரேம் செருகும் நீண்ட பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பலகை நின்றது. இரண்டாவதைக் கழற்றிவிட்டு முதலாவதை மட்டும் வைத்து ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். பத்துப் பக்கங்களைத் திறந்தேன். நிற்கவில்லை. பிறகு முதலாவதைக் கழற்றி, இரண்டாவதை இரண்டாவது ஸ்லாட்டிலேயே வைத்து ஓட்டினேன். ஆறாவது பக்கத்தில் திரை நீலமாயிற்று.

நீலத் திரையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"அந்த ரெண்டாவது ரேம் போயிடுச்சுன்னு சொல்லுங்க. அதை எடுத்து வைச்சிட்டு மொதல்ல அந்தப் பொண்ணோட வேலைய முடிங்க" என்று செய்தி வந்தது. இடையில் அந்த அப்பா மகளுடைய கல்லூரி விஷயத்தையும் போனில் சொல்லியிருந்திருக்கிறார். ஒற்றை ரேமில் கம்ப்யூட்டர் நத்தை போல ஊர்ந்தது, ஆனால் விழவில்லை. மத்தியானத்துக்குள் விண்ணப்பம் ஏறியது. ஒப்புகைச் சீட்டை அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

விதிப்படி நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வேலூர் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். அவர் மேலிடத்தில் பேசி, ரேமை மட்டும் அனுப்ப ஏற்பாடு செய்தார். கூரியர் மலை ஏறாது, ஒடுகத்தூர் வரைதான். பஸ் பிடித்து இறங்கி, வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். புதியதை அவர் சொன்னபடியே செருகினேன். இரண்டு நாள் கம்ப்யூட்டர் பறந்தது. மூன்றாவது நாள் மறுபடியும் நீலம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரத்தடிக்குப் போய் அவருக்குத் தகவல் வைத்தேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். நான் சத்தமாகவே பேசினேன். ஒரு நாள் மையத்தைப் பூட்டிவிட்டுப் போனேன், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், எல்லாம் வீண் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் தப்பா சொல்லிட்டேன் மேடம்" என்றார்.

கம்பெனி ஆள் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

"அன்னிக்கு ரெண்டாவது ரேமை அதோட எடத்துலயே வைச்சுப் பாக்கச் சொன்னேன். எடம் மாத்திப் பாக்கச் சொல்லியிருக்கணும். ரேம் கெட்டுப் போச்சா, அது உக்கார்ற ஸ்லாட் கெட்டுப் போச்சான்னு பிரிச்சுப் பாக்காம விட்டுட்டேன். உங்கள ஒடுகத்தூருக்கு அலைய விட்டது என் தப்புதான். அந்தப் பழைய ரேமை வைச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். கெட்டுப்போனது என்று ஒதுக்கிய அதையே முதல் ஸ்லாட்டில் வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. ரேம் நல்லதாகவே இருந்திருக்கிறது. அதைத் தாங்கிய இரண்டாவது ஸ்லாட்தான் கெட்டிருந்தது. ஸ்லாட்டைத் தனியாக மாற்ற முடியாது. மதர்போர்டையே மாற்ற வேண்டும்.

அவர் நினைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒற்றை ரேமில் ஓடுகிறதே, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். அவர் விடவில்லை. மலைக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்ற பதிலை இரண்டு முறை வாங்கி, மூன்றாவது முறை சம்மதிக்க வைத்தார். இதை அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. வந்த மெக்கானிக் சொன்னார்.

அவர் வாணியம்பாடிக்காரர், ஐம்பது வயது பாய். ஆலங்காயம் வழியாக பைக்கில் ஏறி வந்தார், முதுகில் போர்டுப் பெட்டி. உள்ளே வந்ததும் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். உதவி எண்ணில் பேசிய அந்தப் பெண் எழுதிய குறிப்பு. என்னென்ன சோதித்தோம், எந்த ரேமை எங்கே வைத்தோம், எப்போது விழுந்தது, எங்கே அவருடைய கணிப்பு தவறியது, எல்லாம் இருந்தது. கடைசியில், அங்கே போன் சிக்னல் இல்லை, ஆகவே சந்தேகம் இருந்தால் மலை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளவும் என்று ஒரு வரி.

"இருபது வருசமா இந்த வேலதாம்மா பாக்கறேன்" என்றார். "போயி பாருன்னு ஒரு வரி அனுப்புவாங்க. வந்து பாத்தா வேற சாமான் வேணும்னு இருக்கும், திரும்பி ஓடணும். இந்த மாதிரி யாரும் எழுதினதில்ல. இந்தப் பொண்ணு யாருன்னு எனக்கும் தெரியாது."

ஒன்றரை மணி நேரத்தில் போர்டை மாற்றினார். இரண்டு ரேமையும் போட்டு, பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து, ஸ்கேனரையும் ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று கிளம்பினார்.

பத்து நாள் கழித்து உதவி எண்ணிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டார். ஒரு தடவையாவது நின்றதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப கேஸை மூடிடலாங்களா? நீங்க சரின்னு சொன்னாத்தான் மூட முடியும்."

எனக்குச் சட்டென்று சரி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னேன். அவளுடைய அப்பா உங்களை விசாரித்தார் என்றேன். தினமும் நூறு பேரோடு பேசுகிறேன், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை என்றார். தன்னுடைய தவற்றால் நான் அலைந்ததை மறுபடியும் சொன்னார். அதை விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஒரு தடவ மலைக்கு வாங்களேன். பலாப் பழம் இருக்கிற காலமா பாத்து."

"லீவு கெடைச்சா கண்டிப்பா வர்றேங்க" என்றார். பிறகு தயங்கி, "கேஸ்..." என்றார்.

"மூடிக்குங்க" என்றேன்.