ஜூபிலி லெவன்ஸின் டெய்சி

மேட்டுப்பட்டியில் டெய்சியின் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபுட்பால் மைதானம். அப்பா சேவியர் அவளுடைய நாலாவது வயசில் லாரி விபத்தில் போய்விட்டார். அம்மா அருள்மேரி ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். விடுதிப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாட்டைப் போட்டு முடித்துவிட்டுத்தான் அவளால் வீடு திரும்ப முடியும். அதுவரை டெய்சி தனியாகத்தான் இருக்க வேண்டும்.

"ஸ்கூல் விட்டு வந்ததும் கதவத் தாப்பாப் போட்டுக்க. யாரு கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாது" என்று அம்மா தினமும் காலையில் சொல்லிவிட்டுப் போவாள்.

டெய்சி அப்படியே செய்தாள். முன்கதவைத் தாழிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துவைகல்லின்மேல் ஏறி நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும். சாயங்காலம் ஆனதும் ஜூபிலி லெவன்ஸ் பையன்கள் வந்துவிடுவார்கள். பச்சைச் சட்டை, மஞ்சள் கழுத்துப்பட்டி. முதலில் அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கேட்ட மனிதக் குரல்களே அவர்களுடையதுதான். பிறகு யாருடைய கால் எது, யார் பந்தை விடமாட்டான், யார் கத்தினால் யார் ஓடுவான் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எட்டு வயதில் அவளுக்கு ஆஃப்சைடு தெரியும். வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது என்பதும் தெரியும்.

சில நாள் பந்து சுவரைத் தாண்டி விழும். "பாப்பா, பந்து!" என்று சத்தம் வரும். இரண்டு கையாலும் தூக்கி எறிவாள். அவ்வளவுதான் அவளுக்கும் அந்த டீமுக்கும் இருந்த பேச்சுவார்த்தை. ஆனாலும் பள்ளியில் யாராவது, "நீ எந்த டீம் சப்போர்ட்டு?" என்று கிரிக்கெட்டை நினைத்துக் கேட்டால், "ஜூபிலி லெவன்ஸ்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதில் அவள் பெரியவளானாள். சடங்கு முடிந்த வாரத்திலேயே அம்மா கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரை இரண்டு முழம் உயர்த்தினாள். துவைகல்லை இடம் மாற்றிக் கிணற்றடியில் போட்டாள்.

"ஆம்பளப் பயலுக ஆடுற எடம். வயசுக்கு வந்த பிள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

"ஆட்டத்தத்தானம்மா பாக்குறேன்."

"எதப் பாத்தாலும் ஊரு ஒண்ணுதான் சொல்லும்."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் டெய்சி ஜூபிலி லெவன்ஸின் ஆட்டத்தைக் காதால் பார்த்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்பாள். வலது காலால் அடித்த பந்துக்கும் இடது காலால் அடித்த பந்துக்கும் சத்தம் வேறு. கம்பத்தில் பட்டால் ஒரு சத்தம், கீப்பர் கையில் விழுந்தால் ஒரு சத்தம். கோல் விழுந்தால் முதலில் ஒரு நொடி ஒன்றுமே கேட்காது, பிறகுதான் கூச்சல். அந்த ஒரு நொடியில் அவள் பேனாவை நிறுத்திவிடுவாள்.

டீமில் அவளுக்குப் பிடித்தவன் காத்தமுத்து. லெஃப்ட் விங்கில் ஆடினான். பந்தோடு ஓடும்போது யாரையும் கூப்பிட மாட்டான், அவன் ஓடுகிற பக்கம் மட்டும் அமைதியாக இருக்கும். அதை வைத்தே பந்து அவனிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். ஒருநாள் அவன் முன்வாசலுக்கே வந்து கதவைத் தட்டினான்.

"பாப்பா, பந்து உள்ள விழுந்துருச்சு. சத்தம் குடுத்தோம், கேக்கலயா?"

அவள் பந்தை எடுத்துவந்து கதவு இடுக்கில் நீட்டினாள். பிறகு கேட்டே விட்டாள்.

"அண்ணே, மெட்ராஸுக்கு வேலைக்குப் போறீகளாமே?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"பேசிக்கிட்டாக. கேட்டுச்சு."

"ஆமா. ஸ்போர்ட்ஸ் கோட்டால கெடச்சிருக்கு. அடுத்த வாரம் போறேன்."

"அப்ப இந்த வருசம் ஃபைனலுக்கு?"

அவன் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். இந்த வீட்டுக்குள் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். "வேற யாராச்சும் ஆடுவாங்க பாப்பா" என்று சிரித்துவிட்டுப் போனான். அன்று அவள் சாப்பிடவில்லை. அம்மா வயிற்றுவலியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். காத்தமுத்து இல்லாமல் ஆடிய அந்த ஃபைனலில் ஜூபிலி லெவன்ஸ் மூன்று கோலில் தோற்றது. அதற்குமுன் தோற்றிருக்கிறது, அதற்குப் பின்னும் தோற்றது. ஃபைனல் வரை போகும், கோப்பையை வேறு யாராவது தூக்குவார்கள்.

டெய்சி நர்ஸிங் படித்தாள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதல் வருஷமே, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறி ஒட்டன்சத்திரத்துக்கு ஜூபிலி லெவன்ஸ் மேட்ச் ஒன்றைப் பார்க்கப் போனாள். மைதானத்தில் அவள் ஒருத்திதான் பெண். கோட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு ஓரமாக நின்றாள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "ஏனுங்க, யாரையாச்சும் தேடுறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். "இல்லங்க, மேட்ச் பாக்க வந்தேன்" என்றதும் அவர் அப்படியே இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அதன்பின் அவளைச் சுற்றி எப்போதும் அந்த இரண்டடி இடம் காலியாக இருந்தது. வேடசந்தூர், பழனி, மணப்பாறை, எங்கே போனாலும்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றது. இரண்டாவது மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்தபோது அவள் கரூரில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லி அனுப்புறது அவுகள?" என்று அம்மா அழுதாள். பிறகு அம்மாவும் கேட்பதை விட்டுவிட்டாள். கொரோனாவின் இரண்டாவது அலையில், டெய்சி வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, அவள் வேறு வார்டில் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் இப்போது டெய்சி மட்டும். பிடித்த நேரத்தில் எட்டிப் பார்க்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் முன்போல் சத்தமில்லை. ஜூபிலி லெவன்ஸில் பாதிப் பேர் வெளியூர்ப் பிள்ளைகள். மேட்ச் அன்று வந்து ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். ஊரில் யாரும் அவர்களைப் பார்க்கப் போவதில்லை. சின்ன வயசிலிருந்து தொடர்ந்து அந்த டீமோடு இருப்பவள் தான் ஒருத்திதானோ என்று அவளுக்குத் தோன்றும். இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

போன வருஷம் மே மாதம் நத்தத்தில் கோடைக்காலப் போட்டி. ஜூபிலி லெவன்ஸ் ஃபைனலுக்கு வந்திருந்தது. டெய்சி லீவு போட்டுவிட்டுப் போனாள். மாம்பழ சீசன், பஸ் முழுக்கக் கூடை. வழக்கம்போலக் கயிற்றுக்கு ஓரமாக ஓர் இடம் பார்த்து நின்றாள்.

செகண்ட் ஆஃபில் ஒரு கார்னர். கோல்கீப்பர் தனுஷ் பந்தைக் குத்தத் தாவினான். எதிர் டீம் ஆளின் தலை அவன் புருவத்தில் மோதியது. தனுஷ் எழுந்து உட்கார்ந்தபோது முகத்தின் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். டீம் ஆட்கள் ஓடினார்கள். அவர்கள் கொண்டுபோன பெட்டியில் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மட்டுமே இருந்தது. மாற்று கீப்பர் பரீட்சைக்குப் போயிருந்தான். ரத்தம் நின்றால்தான் ஆட விடுவேன் என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார்.

டெய்சி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். யோசித்துச் செய்யவில்லை. பாதித் தூரம் போனபிறகுதான் தன் கால் மைதானத்துக்குள் இருப்பது அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஆட்டம் நடக்கும்போது அவள் கோட்டைத் தாண்டியதில்லை.

"தள்ளுங்க. நான் நர்ஸு. யாராச்சும் சர்பத்துக் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கிட்டு வாங்க. தண்ணி பாட்டில் குடுங்க."

கழுவித் துடைத்தாள். கைக்குட்டையில் ஐஸை வைத்துப் புருவத்தை அழுத்திப் பிடித்தாள். கைப்பையில் ஆஸ்பத்திரிப் பஞ்சும் கட்டுத்துணியும் பிளாஸ்டரும் கிடந்தன.

"தல சுத்துதா?"

"இல்லக்கா."

"இது என்ன ஊரு?"

"நத்தம்."

"ஸ்கோர் என்ன?"

"நாம ஒண்ணு, அவங்க சைபர். என்னக்கா, சின்னப்புள்ளகிட்ட கேக்குற மாதிரி கேக்குறீங்க?"

நாம என்று அவன் சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டாள். "மேட்ச் முடிஞ்சதும் தையல் போடணும். மத்தது எதுவா இருந்தாலும் அதுக்கு அப்புறம்தான். தல கிறுகிறுத்தா ஒடனே கையத் தூக்கு" என்றாள். பிறகு கயிற்றுக்கு வெளியே போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். கடைசி நிமிஷத்தில் தனுஷ் ஒரு பந்தை விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளினான். விசில். ஜூபிலி லெவன்ஸ் ஜெயித்துவிட்டது. அவள் பார்க்கத் தொடங்கியதிலிருந்து முதல் கோப்பை.

பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். டெய்சி கைதட்டினாள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. கோப்பை வாங்கிய பிறகு கேப்டன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவள் கிட்டப் போனாள்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கக்கா" என்று போனை நீட்டினான்.

எல்லாரும் இரண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் கோப்பை. தனுஷின் கட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி, யாருடைய தலையும் மறைக்காத மாதிரி, நிதானமாக எடுத்தாள். கையிலிருந்த ரத்தக்கறை போனில் பட்டிருந்தது. துடைத்துக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கூடையில் மாம்பழம் விற்றுவிட்டுத் திரும்பும் அம்மா ஒருத்தி. ஒச்சாயி என்று கண்டக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்ன தாயி, கையெல்லாம் ரத்தம்?"

"விளையாட்டுல ஒரு பையனுக்கு அடி. கட்டுப் போட்டேன். எங்க டீமு ஜெயிச்சிருச்சு."

"ஒம்மவன் ஆடுறானா?"

"இல்ல."

"தம்பியா?"

"எனக்கு யாரும் ஆடல."

ஒச்சாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "யாரும் ஆடாம எதுக்குத் தாயி இம்புட்டுத் தூரம் வந்த?"

"சின்னதுலருந்து பாக்குறேன்" என்றாள். சொன்னபோது அது பதில் மாதிரியே இல்லை. ஒச்சாயி தலையாட்டிவிட்டு, செத்த நேரத்தில் கூடையைக் கட்டிக்கொண்டு தூங்கிப் போனாள். ஜன்னலுக்கு வெளியே புளியமரங்கள் போயின. டெய்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஜெயித்ததற்கா, வேறெதற்கா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த வாரம் கிளப் செயலாளர் பரணியைத் தேடிப் போனாள். அவர் ஹார்டுவேர்க் கடை வைத்திருந்தார். மெம்பராகச் சேர வேண்டும் என்றாள்.

"பொம்பளைங்க யாரும் நம்ம கிளப்ல இல்லையேம்மா."

"இப்ப நான் சேருறேன்."

"அதுக்கில்ல... கமிட்டில பேசிட்டுச் சொல்றேன்."

இரண்டு மாதம் போனது. பரணி ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். டெய்சி மறுபடி கேட்கப் போகவில்லை. ஆகஸ்டில் எரியோட்டில் மேட்ச் என்று சுவரொட்டி பார்த்தாள், கிளம்பினாள்.

அன்று ஆட்டம் தொடங்குமுன் தனுஷ் கயிற்றோரமாக வந்தான். புருவத்தில் தழும்பு.

"அக்கா, உள்ள வந்து உக்காருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் பேசிக்கிறேன்."

டீம் உட்காரும் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். பரணி பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், எழுந்து போகச் சொல்லவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவளோடு யாரும் பேசவில்லை. ஜூபிலி லெவன்ஸ் இரண்டு கோலில் தோற்றது.

தனுஷ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.

"ரெண்டாவது கோலு ஒந்தப்பு இல்ல" என்றாள் டெய்சி. "ஸ்டாப்பர் பேக் ஒன்ன விட்டுட்டு முன்னால ஏறி நின்னுட்டான். நீ என்ன பண்ணுவ?"

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்."

அவன் கையுறையையும் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவளும் உட்கார்ந்திருந்தாள். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவனை யாரோ கூப்பிட, "வாரேன்க்கா" என்று எழுந்து போனான். டெய்சி கைப்பையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.