அவிழ்க்காத தலைத்துணி

நான் பெற்ற மகனை, ஊர் கூடிய இடத்தில், "இவன் எனக்குப் பிறந்தவன் இல்லை" என்று சொன்னவன் நான். சொன்னது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் வாய் திறக்காதவனும் நானே!

இரண்டில் எது பெரிய பாவம்? நீங்களே சொல்லுங்கள். முதலாவது அறியாமை என்று எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்...

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பசியாவரத்தில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஓலை குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஏரியைப் பிரித்துக்கொள்வோம். அந்த ஓலையில் பெயர் ஏறினால்தான் சோறு. பெயர் ஏற, கல்யாணமான மகனை அப்பன் ஊர்முன் உட்காரவைத்து, தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் தலையில் கட்ட வேண்டும். அதற்குத் தலைக்கட்டு என்று பெயர். அப்பன் கட்டாதவன் தன் பெயரில் இந்தத் தண்ணீரில் வலை நனைக்க முடியாது.

என் மகன் வேலனுக்குப் பூனைக்கண். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். எனக்கும் அவன் தாய் முத்தம்மாவுக்கும் கண் கரியைப் போலக் கறுப்பு. அந்த நாளில் அவள் பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் வெள்ளைக்கார ஒல்லாந்தருக்கு மீன் விற்றுவந்தாள். இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? ஊரில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. என் மனம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

பச்சை உடம்போடு பாயில் கிடந்தவளிடம், "யாரு கண்ணுடி இது?" என்றேன்.

அவள் அழவில்லை. "உங்க நைனா பொறந்த வடகரைக்குப் போயி, அவரப் பாத்தவங்களக் கேளுயா. எங்கம்மா ஊரும் அதாண்டதான். அந்தப் பக்கம் இப்படிக் கண்ணு உண்டுனு எங்கம்மா சொல்லும்."

என் தந்தையை நான் பார்த்ததில்லை. நான் வயிற்றில் இருக்கும்போதே அவர் புயலில் போய்விட்டார். அம்மா தன் அண்ணன் ஊரான பசியாவரத்துக்கு வந்து என்னைப் பெற்றாள். அவளும் சீக்கிரமே போய்விட்டாள். வடகரை ஒரு நாள் பயணம். காற்று கைகொடுத்தால் அதுவும் இல்லை.

நான் போகவில்லை! இருபது ஆண்டுகள் போகவில்லை. ஏன்? போய்க் கேட்டு, அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால்...? அவள் ஆக்கிப் போட்டதைத் தின்றேன். அவன் பிடித்த மீனை விற்றேன். ஒருநாளும் அவனைத் தூக்கிக் கொஞ்சியதில்லை.

தலைக்கட்டு நாள் வந்தது. வேலன் புது வேட்டியோடு என் முன்னால் உட்கார்ந்தான். "அவுத்துக் கட்டுப்பா" என்றார் ஊர்த்தலைவர். என் கை தலைக்குப் போனது. அவன் நிமிர்ந்து பார்த்தான், அந்தக் கண்களால். பின்னால் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கை இறங்கிவிட்டது.

"இவன் எனக்குப் பொறந்தவன் இல்ல."

எனக்கு அந்தத் துணி எப்படி வந்தது தெரியுமா? அப்பனில்லாத என்னை உட்காரவைத்து, என் தாய்மாமன் தன் தலையிலிருந்து அவிழ்த்துக் கட்டினார். "எம்புள்ளனு வெச்சிக்குங்க" என்றார். ஊரும் ஏற்றுக்கொண்டது. அந்தத் துணியைக் கட்டிக்கொண்டுதான் நான் அப்படிச் சொன்னேன்!

வேலன் "நைனா..." என்றான். புதுப்பெண்ணை அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு, அந்த வாரமே ஒல்லாந்தர் கப்பலில் கூலியாளாகக் கடல் கடந்த பத்தாவியாவுக்குப் போனான். முத்தம்மா பக்கத்து ஊரான தோணிரேவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு ஆண்டு கழித்து, ஒரு வாடைக்காற்றில் படகு அலைக்கழிந்து... ஆம், தெற்கே போயிருக்க வேண்டியவன், காற்று திரும்பியதும் வடகரையில் ஒதுங்கினேன். கரையில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

வேலனின் கண்கள்! என் வயதுடைய ஒரு கறுத்த முகத்தில் என் மகனின் கண்கள்! என் தந்தையின் பெயரைச் சொன்னேன்.

"அட, சித்தப்பா மவனா நீ!" என்று அவர் கட்டிக்கொண்டார். "இன்னா அப்படிப் பாக்குற? கண்ணையா? நம்ம வூட்ல இது ஒருத்தர வுட்டு ஒருத்தருக்கு வரும். எனக்கு வந்துச்சு, எந்தம்பிக்கு வரல. உங்க நைனாவ ஊரே பூனைக்கண்ணன்னுதான் கூப்புடும். கோட்டைக்குக் கல்லு போடறதுக்கு முன்னாடியே!"

குடிசைக்குள் அவருடைய பிள்ளைகள் இருவர் ஒரே தட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பூனைக்கண். தம்பிக்கு என்னைப்போல் கரிக்கண். ஒரே தாய், ஒரே தகப்பன்! நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நேராகத் தோணிரேவுக்குப் போனேன். காலில் விழவேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக! முத்தம்மா வாசலில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயா போயிருந்த, இந்தக் கோலத்துல?"

"காத்து வடகரையில கொண்டாந்து தள்ளிடுச்சு."

அவள் கை நின்றது.

"பாத்தியா?"

"யார?" என்றேன்.

அந்த ஒரு சொல்! அதை எப்படிச் சொன்னேன்? சொன்னது என் வாய்தானா? பார்த்தேன் என்று சொன்னால் ஊருக்கும் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையின் சோற்றில் மண் போட்டவன் என்று என் முகத்தில் துப்புவார்கள். அந்தப் பயம்தான். வேறொன்றும் இல்லை. அவள் குனிந்து இறாலைப் பிரிக்கத் தொடங்கினாள். மறுபடி கேட்கவே இல்லை. அவள் போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிறது.

பத்தாவியாக் கப்பல் வரும்போதெல்லாம் கரையில் நிற்கிறேன். இறங்குகிறவர்களின் கண்களைப் பார்க்கிறேன். அவன் வரவில்லை.

போன மாதம் ஓலை குலுக்கும் நாளில் ஊர்த்தலைவர் என் தலையைப் பார்த்து, "வயசாயிடுச்சே, இத யாருக்குக் கட்டப் போற?" என்று கேட்டார். ஊரே இருந்தது. சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது...

"எனக்குத்தான் யாரும் இல்லியே" என்றேன்.

எல்லோரும் பாவம் என்று தலையை ஆட்டினார்கள். நான் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.