கல்லு சாருடைய துவக்கு

என் அக்காவின் கணவரைத் தோட்டத்தில் எல்லோரும் 'கல்லு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தான் பென்சிலுக்குள் இருக்கிற காரீயத்தை எடுக்கும் ஒரு சுரங்கத்தில் புவிச்சரிதவியலாளராக இருந்தார். மண்ணுக்கடியில் காரீயம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாறையைப் பார்த்துச் சொல்லும் வேலை. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சொந்தக்காரர்களுக்கு இதைப் பல தடவை விளக்கிப் பார்த்தார். இவ்வளவு படித்தும் மனுசனுக்குக் கல்லுடைக்கிற வேலைதான் கிடைத்திருக்கிறது என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். சிலர் அக்காவிடம் வந்து ஆறுதல்கூடச் சொன்னார்கள்.

கிழமை நாட்களில் சுரங்கம். வெள்ளி பின்னேரம் அம்பிட்டிய வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை மீன் பிடிக்கப் போவார், ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போவார். நான் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். கண்டியில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவன், சனி ஞாயிறு சும்மா இருப்பவன் என்பதால் அக்கா என்னைத் துணைக்கு அனுப்புவாள்.

"நீயும் கூடப் போடா. அந்த மனுசன் எங்கயாச்சும் குனிஞ்சா நிமித்தி விடு."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அத்தானுக்கு வேட்டை மீதும் மீன்பிடி மீதும் இருந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. தூண்டில்களைத் துடைத்துத் துடைத்து வைப்பார். மண்புழுவை எந்த மண்ணில் எடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசுவார். ஆனால் வழியில் ஒரு நல்ல கல்லைக் கண்டால் போதும், வந்த வேலை மறந்துவிடும். சட்டைப் பையிலிருந்து சின்ன லென்சை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மகாவலிக் கரையில் இருந்தோம். அத்தான் தூண்டிலை இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகிவிட்டு மணலில் எதையோ பொறுக்கினார்.

"இங்க பாரு மச்சான், கார்னட்டு! என்னா செகப்பு!"

நான் தூண்டிலைப் பார்த்தேன். அது வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது.

"அத்தான், தூண்டில்!"

"இருப்பா, வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கணும்."

"அத்தான், தூண்டில் போகுது!"

"அது எங்க போகப் போகுது?"

அதற்குள் தூண்டில் நடு ஆற்றில் இருந்தது. அவசரமே இல்லாமல், தலையைத் தூக்கிக்கொண்டு, பேராதனைக்குப் போகிற மாதிரிப் போனது. அத்தான் இடுப்பளவு தண்ணீர் வரை இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கல்லை மட்டும் கைவிடவில்லை.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள்.

"மீன் எங்க?"

"கெடைக்கல்ல."

"தூண்டில் எங்க?"

"மீனோட போயிருச்சு."

அக்கா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "அந்தத் தூண்டிலுக்காச்சும் தப்பிச்சுப் போக முடிஞ்சுதே," என்றுவிட்டு உள்ளே போனாள்.

வேட்டைத் துவக்கு வந்த கதை வேறு. நினைத்தவர்களுக்கெல்லாம் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கமாட்டார்கள். காணி இருந்து, அதில் பயிர் இருந்து, அந்தப் பயிரை மிருகம் தின்ன வேண்டும். அதனால் அத்தான் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கிப் போஞ்சி நட்டார். எல்லோரும் பன்றி வரக்கூடாது என்று கும்பிடும்போது, பன்றி வரவேண்டும் என்று கும்பிட்ட விவசாயி அவர் ஒருவர்தான். பன்றியும் வந்தது, பத்திரமும் வந்தது. ஆனால் அந்தத் துவக்கு மொத்தமாக வெடித்தது இரண்டே தடவை. ஒன்று ஆகாயத்தில் பட்டது. மற்றது அவருடைய காணிப் பெயர்ப்பலகையில் பட்டது.

இந்த விபரம் தோட்டத்துத் தலைவருக்குத் தெரியாது. ஒரு வெயில் காலத்தில் அவர் அத்தானுக்குப் போன் செய்தார்.

"சார், பன்னி வந்து கெழங்கெல்லாம் தோண்டிருச்சு. லயத்துக்குப் பின்னால ஓடையிலதான் படுத்துக் கெடக்கு. தொவக்கக் கொண்டு வாங்க. நம்ம ஆளுங்க கறி சாப்புட்டு ரொம்ப நாளாச்சு."

ஞாயிறு காலையிலேயே பழைய ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மசாலா அரைத்தாகிவிட்டது. பெரிய சட்டி ஒன்று அடுப்பில் ஏறக் காத்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்து மூன்று கிழமை என்றும், கீழ் டிவிசனிலிருந்து கேனில் சுமந்துதான் அந்தச் சட்டியையே கழுவினோம் என்றும் தலைவரின் மனைவி சொன்னார். அத்தான் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "ஒரு மணித்தியாலத்துல வாறோம்," என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மானாப்புல்லை விலக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினோம். ஓடை என்று பேர்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலே ஒரு பாறைக்கடியில் பன்றி உழுது போட்ட இடம் தெரிந்தது. அத்தான் துவக்கைக் கொய்யா மரத்தில் சாய்த்து வைத்தார். குனிந்தார். நிமிர்த்திவிட வேண்டியது என் பொறுப்பு, ஆனால் நான் சோற்றுப் பார்சலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், இந்த வெயில்ல இங்க மட்டும் எப்பிடிச் சேறு?"

பதிலுக்குப் புல்லுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது: நான் கொய்யா மரத்தில் இருந்தேன், அத்தான் பாறை மேல் இருந்தார், துவக்கும் சோற்றுப் பார்சலும் பன்றியிடம் இருந்தன. அது துவக்கை மோந்து பார்த்துக் கீழே தள்ளியது. பிறகு அக்கா கட்டிக் கொடுத்த சோற்றைக் கோழிக்கறியோடு ருசித்துத் தின்றது. தின்ற அலுப்பில் சேற்றில் போய்ப் படுத்து உருண்டது.

"நல்லாப் பாத்துக்க மச்சான்," என்று பாறை மேலிருந்து அத்தான் மெதுவாகச் சொன்னார். "அது எங்க படுக்குதோ அந்த எடந்தான்."

"என்ன அத்தான் எடம்?"

"பாறையில வெடிப்பு இருக்குப்பா. அதுக்குள்ளால தண்ணி கசியுது."

முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். எனக்குக் காலில் எறும்பு, அவருக்கு முகத்தில் சந்தோசம். வெடிச் சத்தம் கேட்காததால் தலைவரும் நாலைந்து பேரும் சாக்கு, கத்தியோடு தேடி வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பன்றி எழுந்து உடம்பை உதறிவிட்டு, நிதானமாகக் காட்டுக்குள் போனது.

"மம்பட்டி கொண்டு வாங்க," என்றார் அத்தான், இறங்காமலேயே.

"மம்பட்டி எதுக்கு சார்? பன்னி எங்க?"

"பன்னி போயிருச்சு. தண்ணி இருக்கு."

யாரும் நம்பவில்லை. ஆனாலும் சார் சொன்னதற்காக வெட்டினார்கள். முழங்கால் ஆழத்தில் மண் கறுத்தது. மத்தியானம் கழிந்தபோது இடுப்பளவுக் குழியில் கலங்கல் தண்ணீர் நின்றது. இறைக்க இறைக்க ஊறியது. மூன்று மணிக்குத் தெளிந்தது. தலைவரின் மனைவி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, அத்தானைப் பார்த்துக் கும்பிட்டார். அரைத்து வைத்த மசாலாவில் பலாக்காய் போட்டுச் சமைத்தார்கள். அதையும் நன்றாகவே சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் அங்கே சீமெந்துத் தொட்டி கட்டிக் குழாய் போட்டார்கள். திறக்கிற நாளில் அத்தானுக்கு மாலை போட்டார்கள். திரும்பி வரும்போது ஜீப் தெல்தெனிய தாண்டியதும் அவர் சொன்னார்.

"எல்லாரும் தண்ணிக்குத்தான் கும்புடுறாங்க மச்சான். எனக்குச் சுடத் தெரியாதுன்னு முடிவே பண்ணிட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே மனம் நொந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போன வருடம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்த அத்தான் எழும்பவில்லை. நெஞ்சு வலி என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை.

கருமாதிக்குப் பிறகு துவக்கைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அக்கா அதைப் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். த்ரீவீலர்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"அக்கா, அது என்ன?"

"தொவக்கு," என்றாள் அக்கா.

மனிதர் பிறகு வளைவு, சந்தி எதையும் பார்க்காமல் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்.

பொலிசில் ஒரு வயதான சார்ஜன்ட் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாரே, நல்ல வேட்டைக்காரரோ என்று சிங்களத்தில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள்: "நாலு பன்றி. எல்லாம் பெரிசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடிதான்."

சார்ஜன்ட் புருவத்தை உயர்த்தி, மரியாதையோடு துவக்கை மேசையில் வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நாலா அக்கா?"

"அஞ்சுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். பொய்க்கும் ஒரு அளவு இருக்குல்ல."

திரும்பும்போது வேறு த்ரீவீலர் பிடித்தோம். மணிக்கூட்டுக் கோபுரம் வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வீட்டில் பாண் இல்லை, இங்கேயே இறங்கி பேக்கரியில் வாங்கிக்கொண்டு போகலாம் என்றாள்.